இடுப்பு வலி இருந்தா வேலைக்குப் போகலாமா?

இன்னைக்கு இடுப்பு வலி பத்திப் பேசலாம். எந்த எக்சர்சைஸ் பண்ணணும்னு சொல்ற வீடியோ ஆயிரம் இருக்கு, அது வேண்டாம். வலி இருக்கிற ஒருத்தரால வேலை பார்க்க முடியுமா, முடியாதான்னு எப்படி முடிவு பண்றது? அதுதான் இன்னைக்குக் கேள்வி.

நான் மயிலாப்பூர்ல பிசியோதெரபிஸ்ட். வர்றவங்க முதல்ல நீட்டறது எம்ஆர்ஐ ரிப்போர்ட். "டிஸ்க் பல்ஜ்னு போட்டிருக்கு, இனிமே வேலைக்கே போக முடியாதா?"

வலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-ல ஒரு ஆய்வு வந்துச்சு. 20 வயசுக்காரங்கள்ல 30 சதவீதம், 50 வயசுக்காரங்கள்ல 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்துச்சு. ஆனா அவங்க யாருக்கும் வலியே இல்ல. ஸ்கேனை மட்டும் பார்த்து வேலையைப் பத்தித் தீர்ப்பு சொல்ல முடியாது.

அடுத்தது கேள்வித்தாள். ஆஸ்வெஸ்ட்ரி இன்டெக்ஸ்னு ஒண்ணு, 1980-ல இருந்து உலகம் முழுக்கப் பயன்படுது. எவ்வளவு தூரம் நடக்க முடியுது, எவ்வளவு நேரம் உட்கார முடியுது, நிக்க முடியுது, தூக்கம் எப்படின்னு பத்துப் பகுதி. நல்ல கருவிதான். ஆனா உங்க வேலை என்னன்னு அது கேக்காது.

அடையாறுல லேப்டாப் முன்னாடி உட்கார்ந்திருக்கிறவரும், தி. நகர் ஜவுளிக்கடையில சேலை எடுத்துப் போடற அக்காவும் ஒரே மார்க் வாங்கலாம். அரை மணி நேரத்துக்கு மேல நிக்க முடியாதுன்னா அவருக்குப் பெரிய சிக்கல் இல்ல. அந்த அக்காவுக்கு வேலையே நிக்கறதுதானே? அதனால நான் கேக்கறது: எத்தனை மணி நேரம் நிக்கறீங்க? எவ்வளவு எடை, எந்த உயரத்துல இருந்து எடுக்கறீங்க? நடுவுல உட்கார விடுவாங்களா?

கடைசிக் கேள்விக்குச் சட்டத்துலயே பதில் இருக்கு. 2021 செப்டம்பர்ல தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினாங்க. ஊழியர்கள் எல்லாருக்கும் உட்கார வசதி இருக்கணும். வேலைக்கு நடுவுல வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம். கேரளா 2018-லயே இதைக் கொண்டுவந்துடுச்சு. கடையில ஸ்டூல் இல்லாதப்ப "உங்களால வேலை செய்ய முடியாது"ன்னு எழுதினா, குறை முதுகுலயா, கடையிலயா?

நம்ம ஊர்ல சர்டிபிகேட் பெரும்பாலும் ரெண்டே வகை: ரெஸ்ட், இல்லைன்னா ஃபிட். ரெஸ்ட்னா பல பேருக்குச் சம்பளம் போகும். ஃபிட்னா மறுபடியும் பழையபடி பண்டல் தூக்கணும். பிரிட்டன்ல 2010-ல மூணாவதா ஒரு வழி வெச்சாங்க: சில மாற்றங்கள் செஞ்சா வேலை பார்க்கலாம். நேரத்தைக் குறைக்கறது, வேலையை மாத்திக் கொடுக்கறது மாதிரி. நம்ம டாக்டரும் இதை ஒரு வரியில எழுதித் தரலாம். நாமதான் கேக்கணும்.

டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி, உங்க ஒரு நாள் வேலையைப் பேப்பர்ல எழுதுங்க. எது முடியுது, எது முடியல, என்ன மாத்தினா முடியும்? ஸ்கேன் ரிப்போர்ட்டோட அதையும் நீட்டுங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை. சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடை நடுவுல மரத்துப் போனாலோ, கால்ல பலம் குறைஞ்சாலோ பேப்பர் எழுதிட்டு உட்காராதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

கடையில வேலை பார்க்கிற யாரையாவது தெரியும்னா, அந்த 2021 சட்டத்தைப் பத்தி அவங்களுக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.