வீட்டுச் சொந்தக்காரருக்கே நோட்டீஸ்

(மாதாந்திர நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் சிறு நகரங்களைப் பற்றி. 1894 முதல் 1974 வரை அங்கே 'அர்பன் டிஸ்ட்ரிக்ட்' என்ற நகர மன்றங்கள் இருந்தன. நம் ஊர் நகராட்சி, பேரூராட்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவ அதிகாரி. கூடவே சானிட்டரி இன்ஸ்பெக்டர். (1956-இல் சட்டம் போட்டு அந்தப் பதவியின் பெயரைப் பொதுச் சுகாதார ஆய்வாளர் என்று மாற்றினார்கள். நம் பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்!)

மருத்துவ அதிகாரி ஆண்டுதோறும் அறிக்கை கொடுத்தாக வேண்டும். பிறப்பு, இறப்பு, தொற்றுநோய்க் கணக்கோடு இன்ஸ்பெக்டரின் கணக்கும் அதில் இருக்கும். சாக்கடை அடைப்பு எத்தனை, ஒழுகும் கூரை எத்தனை, எவ்வளவு இறைச்சி கெட்டதென்று ஒதுக்கப்பட்டது, எலி ஒழிப்பு விவரம். படிக்கச் சலிப்பான பட்டியல்தான். ஆனால் யுத்தம் முடிந்து, வீடு கிடைக்காமல் குடும்பங்கள் நெருக்கியடித்துக் கிடந்த காலம் அது.

இன்ஸ்பெக்டர் பார்த்த கையோடு வழக்குப் போடுவதில்லை. முதலில் பேச்சு, அல்லது கடிதம். பிறகு மறுபடி போய்ப் பார்ப்பார். அதற்கும் அசையாவிட்டால் சட்டப்படி நோட்டீஸ், கடைசியில்தான் கோர்ட். எங்கள் கருத்தில், அபராதத்தைவிட அந்த இரண்டாவது நடைதான் அதிக வேலை செய்தது.

நோட்டீஸ் யாருக்கு என்பது முக்கியம். 1936-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் இதைத் தெளிவாகச் சொன்னது. சீர்கேட்டுக்குக் காரணமானவருக்கு நோட்டீஸ். கட்டடக் குறைபாட்டால் வந்தது என்றால் சொந்தக்காரருக்கு. சுவர் ஊறியதற்குக் குடியிருப்பவரைக் கேட்க முடியாது.

நம்மிடம் சட்டம் இல்லையா? 1939-இல் மதராஸ் மாகாணம் போட்ட பொதுச் சுகாதாரச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நம் மஹல்லாவிலோ, நான்கைந்து வாடகைக் குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை. செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்தாலும் யாரும் பேசுவதில்லை. பேசினால் காலி செய்யச் சொல்வார்களே என்ற பயம். அந்தப் பயம் பொய்யல்ல. அதனால் தனித்தனியாக வேண்டாம், தெருவாகச் சேர்ந்து எழுதுவோம். மனுவில் டிரஸ்டின் பெயரும் இருக்கும். வெள்ளிதோறும் அஸருக்குப் பின் அலுவலகத்தில் எழுதித் தருகிறோம். வீட்டு எண்ணையும், எந்தத் தேதியிலிருந்து வழிகிறது என்பதையும் குறித்துக்கொண்டு வாருங்கள். நகல் எங்களிடம் இருக்கும். பதினைந்து நாள் கழித்து நகராட்சிக்கு மறுபடி போய்க் கேட்பது எங்கள் பொறுப்பு.