பாட்டு யாருடைய சொத்து?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சங்கீதம். உடனே ராகம், தாளம் என்று கச்சேரி சமாச்சாரம் பேசப்போகிறோமென்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. நாம் பேசப்போவது வாசிக்கிறவன் யார், அவனை ஊரில் எங்கே வைத்திருக்கிறார்கள், அவன் வாசிக்கும் பாட்டை யாருடைய சொத்தென்று சொல்லுகிறார்கள் என்பவைகளைப் பற்றியேயாகும். இவைகளை ஆராய்வதற்கென்றே ஒரு சாஸ்திரம் மேனாட்டில் ஏற்பட்டிருக்கிறது. இன இசையியல் என்று அதற்குத் தமிழில் பெயர் சொல்லுகிறார்கள்.

ஹங்கேரி என்கிற தேசத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே வெகு காலமாகக் கலியாணமானாலும் சரி, பட்டணத்துக் காப்பிக்கடையானாலும் சரி, பிடில் வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் ரோமா என்கிற சிறுபான்மை ஜனங்களே. இங்கிலீஷ்காரர் இவர்களை ஜிப்சி என்பார்கள். எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று யாரோ தப்பாக நினைத்து வைத்த பெயர் அது. உண்மையில் அவர்களுடைய முன்னோர் ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன் இந்தியாவிலிருந்து போனவர்கள். இதற்குச் சாட்சி புராணமல்ல, அவர்களுடைய பாஷையே. தண்ணீருக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை 'பானி'. ஐந்துக்கு 'பஞ்ச்'. 1782-லேயே ருடிகர் என்ற ஜெர்மானியர் வார்த்தைகளை ஒப்பிட்டு இதை ருஜுப்படுத்தினார்.

இந்த ஜனங்களை அங்கே நடத்திய யோக்கியதை என்ன? 18-ஆம் நூற்றாண்டில் மரியா தெரேசா என்ற அரசி, இவர்களுடைய பெயரையே 'புது ஹங்கேரியர்' என்று மாற்றச் சொல்லி, குழந்தைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிடுங்கிக் குடியானவர் வீடுகளில் வளர்க்கும்படி உத்தரவிட்டாள். அவளுக்குப் பின்னும் ரோமாக்களுக்கு நிலமில்லை; குடிசையோ ஊர்க்கோடியில். ஆனால் ஊர்க் கலியாணத்துக்கு மட்டும் அவன் பிடில் இல்லாமல் முடியாது!

இப்படியிருக்க, 1859-ல் பிரான்ஸ் லிஸ்ட் என்ற பெரிய சங்கீத வித்வான் ஒரு புத்தகம் எழுதி, ஹங்கேரிய சங்கீதம் என்பதெல்லாம் ஜிப்சிகளுடையதே என்றார். ஹங்கேரியப் பிரபுக்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊர்க்கோடிக்காரனிடமிருந்தா நமக்குச் சங்கீதம் என்று குதித்தார்கள். லிஸ்ட் புகழ்ந்த புகழ்ச்சியும் நமக்குச் சம்மதமல்ல. சங்கீதம் அந்த ஜனங்களுக்குப் பிறவியிலேயே வந்ததென்பது அவர் எண்ணம். பிறவியில் வந்ததாம்! தகப்பன் மகனைச் சிறு வயதிலிருந்து உட்காரவைத்துக் கை நோகப் பழக்கியதெல்லாம் எங்கே போயிற்று? வேறு பிழைப்புக்கு வழி குறைவாயிருந்ததால் வாத்தியத்தைப் பிடித்தவனைப் பார்த்து, 'உனக்கு இது ரத்தத்திலேயே இருக்கிறதப்பா' என்று சொல்லுவது அவனை அங்கேயே நிறுத்திவைக்கச் செய்யும் தந்திரமல்லாமல் வேறென்ன?

பிறகு பேலா பார்டோக், சோல்டான் கோடாய் என்ற இரண்டு வித்வான்கள் வந்தார்கள். இவர்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அபிப்பிராயம் சொன்னவர்களல்ல. 1905, 1906 முதற்கொண்டு எடிசன் கண்டுபிடித்த போனோகிராப்பைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், குடியானவர்களைப் பாடச் சொல்லி மெழுகு உருளைகளில் பதிந்தார்கள். கேட்டு எழுதினால் எழுதுகிறவன் காது தனக்குத் தெரிந்ததையே எழுதும். இயந்திரத்துக்கு ஜாதியபிமானம் கிடையாது. இப்படிச் சேர்த்ததைக் கொண்டு 1931-ல் பார்டோக் ஒரு கட்டுரை எழுதினார். காப்பிக்கடைகளில் ஜிப்சி சங்கீதம் என்று வாசிக்கப்படுவது ஹங்கேரியக் கனவான்கள் கட்டிய பாட்டுகள்தான், ரோமாக்கள் கூலிக்கு வாசிக்கிறார்கள் என்று காட்டினார். அதே கட்டுரையில், ரோமாக்களுக்குத் தங்கள் பாஷையில் சொந்தப் பாட்டுகள் உண்டென்றும், கூலி வாத்தியக்காரர்கள் அவைகளை வெளியில் வாசிப்பதில்லையென்றும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

தோழர்களே! இங்கேதான் விஷயமிருக்கிறது. எழுபது வருஷம், அது எங்கள் சொத்தா உங்கள் சொத்தா என்று கனவான்கள் கட்டிப் புரண்ட சண்டையில், ரோமாக்கள் தங்கள் வீட்டில் எதைப் பாடுகிறார்கள் என்று கேட்கத் தோன்றியவர்கள் எத்தனை பேர்? வாத்தியத் தொழிலில்லாத ஒரு பிரிவாருக்கு வீட்டில் பிடிலே கிடையாது. தண்ணீர்க் குடத்தைத் தட்டுகிறார்கள். இரண்டு கரண்டிகளைச் சேர்த்து அடிக்கிறார்கள். வாயாலேயே தாளச் சொற்களைக் கொட்டுகிறார்கள். நம் ஊர்க் கொன்னக்கோல் வித்வான் கேட்டால் சபாஷ் போடுவார். 1978-ல் புடாபெஸ்டில் சில ரோமா வாலிபர்கள் 'கால்யி ஜாக்', அதாவது கறுப்பு நெருப்பு, என்ற குழுவை ஏற்படுத்தி இந்தப் பாட்டுகளை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். கூலிக்காரனாக அல்ல, சொந்தக்காரனாக மேடையேறினார்கள்.

இனி, சுத்த சங்கீதம் என்கிற பேச்சு. பார்டோக் ஹிட்லர் கூட்டத்தை வெறுத்து 1940-ல் தேசத்தை விட்டு அமெரிக்காவுக்குப் போனவர். அங்கே 1942-ல், சங்கீதத்தில் இனச்சுத்தம் என்பதைப் பற்றி எழுதினார். ஹங்கேரியர், ஸ்லோவாக்கியர், ருமேனியர் பாட்டுகள் ஒன்றோடொன்று கலந்ததால்தான் வளப்பட்டன என்பது அவர் கண்ட முடிவு. தன் ஜாதிப் பெருமையை நிலைநாட்டப் புறப்பட்டவர், ஆயிரக்கணக்கான பாட்டுகளைச் சேர்த்த பின் கலப்பே நன்மை என்று சொன்னார். அதே காலத்தில் சுத்தம் பேசினவர்கள் செய்ததென்ன? 1944 ஆகஸ்டு 2-ந் தேதி இரவு அவுஷ்விட்ஸ் முகாமில் 4,000-க்கு மேற்பட்ட ரோமா ஜனங்களை, குழந்தை குட்டிகளோடு, விஷப்புகையிட்டுக் கொன்றார்கள்.

தூரதேசத்துக் கதை நமக்கெதற்கு என்பீர்கள். நம் பறையைப் பாருங்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்குமுரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்த்திருக்கிறது. தோலை நெருப்பில் காய்ச்சிச் சுருதி கூட்டி, இரண்டு குச்சிகளால் சப்பரத்தடி, வாழ்த்தடி என்று வகை வகையாக அடிக்கிறார்கள். ஆனால் அதற்குச் 'சாவு மேளம்' என்று பெயர் வைத்து, அடிப்பவனைச் சேரியில் நிறுத்தினார்கள். ஜோயி ஷெரினியன் என்ற அமெரிக்க அம்மையார் இந்தக் கலைஞர்களைப் பற்றி 2011-ல் ஒரு படம் எடுத்து, 'இது ஒரு இசை' என்று தலைப்பிட வேண்டியிருந்தது. இசைதான் என்று சொல்ல ஒரு படம் தேவைப்பட்ட தேசம் இது! பிணத்துக்கு முன் அடிக்கவேண்டும் என்கிற கட்டாயத்தை எதிர்த்துப் பறையைக் கீழே வைத்தவனும் சரி, இஷ்டப்பட்டு மேடையில் அதை எடுப்பவனும் சரி, இரண்டு பேரும் நமக்கு வேண்டியவர்களே. கட்டாயத்தைக் கலையென்று புகழுகிற ஆராய்ச்சிக்காரன்தான் நமக்கு வேண்டாம்.

ஆஸ்திரியாவில் 1993-ல் ரோமாக்களைத் தேசத்தின் சிறுபான்மை இனமாகச் சட்டப்படி ஒப்புக்கொண்டார்கள். அவர்களுடைய பாட்டுகளை அவர்களோடிருந்தே சேர்த்த உர்சுலா ஹெமெடெக் என்ற அம்மையார், அத்தேசத்தின் மிகப் பெரிய ஆராய்ச்சிப் பரிசை 2018-ல் பெற்றார். மறு வருஷம் அந்தப் பணத்தைக் கொண்டு வியன்னாவில் சிறுபான்மையோர் சங்கீதத்துக்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தினார். நம் சங்கீத சபைகளில் பறைக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்கும்படி உங்களில் யாராவது கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வருகிறதென்று அடுத்த கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். இப்போது கேள்வி கேட்க விரும்பும் தோழர்கள் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுக்கலாம்.