பச்சை குத்திய கையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்



உங்களிடம் ஒரு கேள்வி. இரவு பதினொரு மணி. உங்கள் அடுக்குமாடி வீட்டின் கீழே மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவிட்டு நான்கு இளைஞர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கறுத்த நிறம், காதில் கடுக்கன், கையில் பச்சை. உங்கள் மனதில் முதலில் என்ன வார்த்தை வருகிறது?

'கேங்ஸ்டர்'. நம்மில் பலருக்கு இதுதான் வரும். அந்த நால்வரில் ஒருவன் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்தவனாக இருக்கலாம். இன்னொருவன் தன் சம்பளத்தில் தங்கையைப் படிக்க வைப்பவனாக இருக்கலாம். நாம் கேட்பதில்லை. பார்த்தோம், முடிவு கட்டினோம், கதவைச் சாத்தினோம்.

சாலைத் தடுப்பில் நம் பிள்ளைகளை மட்டும் தனியாக நிறுத்தினால் நமக்குக் கோபம் வருகிறது. நியாயமான கோபம்தான். ஆனால் அதே கண்ணோடு நாமும் அவர்களைப் பார்த்தால், அந்தக் கோபத்துக்கு என்ன வலு இருக்கிறது?

குண்டர் கும்பல் பிரச்சினையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் நம் சமூகத்தில் இருக்கிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்கள் 40 ஆயிரத்துக்கும் மேல், அவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள் என்றது. அந்தக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் சுமார் 29 ஆயிரம் பேர். 2010ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி நாம் ஏறக்குறைய 19 இலட்சம் பேர். நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மீதி 98 பேருக்கும் அதே நிறம், அதே பெயர்கள்தானே? அவர்கள் ஏன் அந்தப் பழியைச் சுமக்க வேண்டும்?

இந்தப் பழி உயிரையே வாங்கும். அதற்குச் சாட்சி குகன். 22 வயது இளைஞர். 2009 ஜனவரியில் கார் திருட்டுச் சந்தேகத்தில் கைது செய்யப்பட்டார். சில நாட்களில் சுபாங் ஜெயா காவல் நிலையத்தில் இறந்தார். வழக்கு நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. ஆனால் ஊர் வாயில் அவர் 'கார் திருடன்' ஆகிவிட்டார்.

முதல் பிரேதப் பரிசோதனை, நுரையீரலில் நீர் கோத்து இறந்தார் என்றது. குடும்பத்தார் அதை ஏற்கவில்லை. உடலில் இருந்த காயங்களை அவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இரண்டாவது பரிசோதனை நடந்தது. பலத்த அடிகளால் தசைகள் சிதைந்து, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார் என்பது வெளிவந்தது. 2013 ஜூனில் உயர் நீதிமன்றம் குடும்பத்துக்கு 8 இலட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. 'திருடன்தானே, போகட்டும்' என்று அந்தக் குடும்பமும் ஒதுங்கியிருந்தால் இந்த உண்மை மண்ணோடு புதைந்திருக்கும்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் 54ஆவது பிரிவின்படி, குற்றஞ்சாட்டப்பட்டவரின் கெட்ட பெயரைப் பொதுவாக அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் கொண்டுவர முடியாது. ஏன்? பெயர் கெட்டவன் என்பதால் மட்டும் இந்தக் குற்றத்தையும் அவன்தான் செய்தான் என்று ஆகிவிடாது. நீதிபதிக்கே சட்டம் போட்ட கடிவாளம் இது. காப்பிக் கடையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் நமக்கு அது வேண்டாமா?

கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி, கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. வழக்கறிஞரைக் கலந்துபேச உரிமை தருகிறது. 24 மணி நேரத்துக்கு மேல் தடுத்து வைக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும் என்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு, விசாரிக்கும் முன்பு உறவினரோடும் வழக்கறிஞரோடும் தொடர்புகொள்ள வாய்ப்புத் தரச் சொல்கிறது. இதில் விதிவிலக்குகள் உண்டு. ஆனால் 'பச்சை குத்தியவனுக்கு இந்த உரிமை கிடையாது' என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று: பக்கத்து வீட்டுப் பையன் கைதானால் 'ஏதாவது செய்திருப்பான்' என்று சொல்லாதீர்கள். 'எந்த ஸ்டேஷன்? என்ன காரணம் சொன்னார்கள்?' என்று கேளுங்கள். அவன் அம்மாவோடு நீங்களும் ஸ்டேஷனுக்குப் போங்கள்.

இரண்டு: உடனே வழக்கறிஞரை அழையுங்கள். காசு இல்லையே என்று தயங்காதீர்கள். தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல், கைதாகும் குடிமக்களுக்கு வழக்கறிஞர் உதவி அளித்து வருகிறது. முதல் நாளிலேயே கேளுங்கள். காத்திருக்க வேண்டாம்.

மூன்று: தினமும் கண்ணில் படும் இளைஞர்களிடம் பேசுங்கள். பெயரைக் கேளுங்கள், எங்கே வேலை என்று கேளுங்கள். வேலை இல்லை என்றால் தெரிந்த இடத்தில் சொல்லிவிடுங்கள். 'தம்பி' என்று கூப்பிட யாரும் இல்லாத பையனைத்தான் கும்பல் 'தம்பி' என்று கூப்பிடுகிறது.

நம் பிள்ளை குற்றம் செய்திருந்தால் நீதிமன்றம் தண்டிக்கட்டும். அதற்கு ஆதாரம் வேண்டும், விசாரணை வேண்டும். அவன் தோலும் தோற்றமும் ஆதாரம் ஆகாது.