தவறான விடையைப் படிப்போம்

கணக்கு ஆசிரியர்களும் கல்வி ஆய்வாளர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் வாய்ப்பு அடிக்கடி அமைவதில்லை. இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்க அழைத்தவர்களுக்கு நன்றி. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கில் தடுமாறும் பிள்ளைகளைப் பற்றித்தான் இன்றைய அமர்வுகள் எல்லாம். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஏழாம் வகுப்பு நோட்டுகளில் நாம் ஓயாமல் பார்க்கும் மூன்று விடைகள்: 403-இலிருந்து 128 போனால் 325. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு. 0.8-ஐவிட 0.35 பெரியது. சிவப்பு மையில் தப்பு போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுக்கிறோம். ஆனால் இவற்றில் ஒன்றுகூடக் குருட்டாம்போக்கில் வந்ததில்லை. முதல் பிள்ளை ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறாள்; மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பார்க்கவில்லை. இரண்டாமவன் தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டிவிட்டான். மூன்றாவது பிள்ளைக்கு 8-ஐவிட 35 பெரியது, அவ்வளவுதான். மூவரிடமும் ஒரு விதி இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் சரியான முறையை எத்தனை தடவை போர்டில் போட்டுக் காட்டினாலும், பிள்ளை பழைய விதிக்கே திரும்பும். கூடுதல் டியூஷனும் பலருக்குப் பலன் தராமல் போவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

1973-இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் வெளியிட்ட ஆய்வை இங்கே பலர் படித்திருப்பீர்கள். அமெரிக்காவில் ஆறாம் வகுப்பு படித்த, பென்னி என்ற பெயரால் அறியப்படும் 12 வயதுச் சிறுவனைப் பற்றியது அது. பாடத்தாள்களைத் தானே வாசித்து, தேர்வெழுதித் தேறி, அடுத்த நிலைக்குப் போகும் திட்டத்தில் அவன் படித்தான். நன்றாகப் படிக்கிறவன் என்றே ஆசிரியை நினைத்திருந்தார். எர்ல்வாங்கர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். 2/10-ஐத் தசமத்தில் எழுது என்றால் 1.2 என்றான் பென்னி. இரண்டும் பத்தும் பன்னிரண்டு. நடுவில் ஒரு புள்ளி. அதே விதிப்படி 4/11-உம் 1.5, 11/4-உம் 1.5. ஒன்றைவிடச் சிறியதும் ஒன்றைவிடப் பெரியதும் எப்படிச் சமமாகும் என்ற கேள்வியே அவனுக்கு எழவில்லை. விடைப்பட்டியலோடு ஒத்துப்போவதுதான் அவனுக்குக் கணக்கு. மதிப்பெண் பட்டியல் மறைத்திருந்ததை அந்தப் பேச்சு வெளியே கொண்டுவந்தது. தேறிவிட்டவர்கள் என்று நாம் விட்டுவிடும் பிள்ளைகளை நினைத்து எனக்குக் கவலை வருவது இங்கேதான்.

பிள்ளை பேச வேண்டுமே! 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காக, சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம் தலைமையிலான குழு அளித்த அறிக்கை, கணக்கின் மீதுள்ள பயத்தையும் தோல்வி உணர்வையும் முதன்மைச் சிக்கலாக வைத்தது. பயந்த பிள்ளை வாய் திறக்காது. “இது எப்படிம்மா வந்துச்சு?” என்று விடை தப்பாக இருக்கும்போது மட்டும் கேட்டால், அந்தக் கேள்வியே தப்பு என்பதற்கு அடையாளமாகிவிடும், பிள்ளை உடனே ரப்பரைத் தேடும். சரியான விடைக்கும் அதே குரலில் அதையே கேட்க வேண்டும்.

ஐந்தில் இரண்டு என்றவனிடம் மீச்சிறு பொது மடங்கை (மீ.சி.ம.) உடனே எடுக்க வேண்டாம். ஐந்தில் இரண்டு அரையைவிடப் பெரிதா, சிறிதா என்று கேளுங்கள். ஒரே நீளத்தில் இரண்டு காகிதப் பட்டைகளைக் கொடுத்து, ஒன்றை இரண்டாகவும் இன்னொன்றை ஐந்தாகவும் மடிக்கச் சொல்லுங்கள். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அரையைவிடக் குறைந்திருப்பதை அவன் கண்ணே பார்க்கும். அப்போது விதியை அவனே கைவிடுவான். பிறகு மூன்றாவது பட்டையை ஆறாக மடித்தால், அரைக்கு மூன்று மடிப்பு, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு மடிப்பு, மொத்தம் ஐந்து. ஆறு எதற்கு என்று அவனே கேட்கும் இடத்தில் மீ.சி.ம. வரட்டும்.

போர்ஷன் எப்போது முடிப்பது என்ற கேள்வி உங்கள் முகங்களிலேயே தெரிகிறது. நியாயமான கேள்விதான். இடமதிப்பும் பின்னமும் தெரியாத பிள்ளைக்கு விகிதத்தையும் இயற்கணிதத்தையும் நடத்தி முடிப்பதில் போர்ஷன் முடிகிறது, பிள்ளை கற்பதில்லை. வாரத்தில் ஒரு பாடவேளையாவது பழைய இடத்துக்குத் திரும்பிப் போகப் பள்ளிகள் அனுமதிக்க வேண்டும். இந்த அவை அதைத் தீர்மானமாகவே நிறைவேற்ற வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

கட்டுரை வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சதவீதங்களைச் சொல்லும்போது பிள்ளைகள் எழுதிய ஒரு விடையையாவது, பெயரை மறைத்து, அப்படியே திரையில் காட்டுங்கள். முதல் அமர்வு பின்னங்கள் பற்றியது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.