பரோய்க்கொஸ்: வீட்டருகே இருப்பவன்



பதுளையிலிருந்து பசறை வழியாகச் செங்கலடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, பிபிலைக்கு முன்னதாக உள்ளது லுணுகலை. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தோட்டத் தமிழர்க்கென 1854ஆம் ஆண்டில் மலைநாட்டில் ஒரு மிஷன் ஊழியம் தொடங்கப்பெற்றது. அன்றுதொட்டுத் தமிழ் வேதாகமத்தைக் கையிலெடுத்த தலைமுறைகள் பல. அவர்களுடைய வாழ்வை நினைத்துக்கொண்டு, புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் ஒன்றை இன்று ஆராய விரும்புகிறேன்.

அச்சொல் ‘பரோய்க்கொஸ்’. ‘பரா’ என்பது அருகே. ‘ஒய்க்கொஸ்’ என்பது வீடு. வீட்டின் அருகே இருப்பவன்; ஆனால் அவ்வீட்டுக்கு உரியவன் அல்லன். பண்டைக் கிரேக்க நகரங்களிலே இஃது ஒரு சட்டச் சொல்லாகவும் வழங்கிற்று. ஓர் ஊரில் நிலையாகத் தங்கி, உழைத்து, வரியும் செலுத்தி, குடியுரிமை மட்டும் இல்லாதிருந்தவனை அச்சொல்லாற் குறித்தனர். சில நாள் தங்கிச் செல்லும் வழிப்போக்கனுக்கு ‘பரெபிதேமொஸ்’ என்று வேறு சொல் இருந்தது.

பேதுருவின் முதலாம் நிருபம், இரண்டாம் அதிகாரத்தில் இவ்விரு சொற்களும் சேர்ந்து வருகின்றன. நம்மிடையே பெருவழக்கான தமிழ் வேதாகமம் அங்கே பரோய்க்கொஸை ‘அந்நியர்’ என்கிறது. எபேசியர் நிருபத்திலோ அதே சொல்லைப் ‘பரதேசிகள்’ என்கிறது. மொழிபெயர்த்தோரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ‘பரதேசி’ என்பது பேச்சுவழக்கிலே பிச்சைக்காரனையும் குறித்து, வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டது. கிரேக்கச் சொல்லிலே அந்த இழிவு இல்லை. உரிமைக் குறைவு உண்டு; அவ்வளவே. (இரண்டும் ‘பர’ என்று தொடங்கினும் பொருள் வேறு. வடமொழிப் ‘பர’ வேறு என்பதைக் குறிக்கும். கிரேக்கப் ‘பரா’ அருகே என்பதைக் குறிக்கும்.)

பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பிலே, ஆபிரகாம் தன்னைப் பற்றிக் கூறிக்கொள்ளும் சொல்லும் இதுவே. மனைவி சாராள் இறந்துவிட்டாள். அடக்கம் செய்ய ஓரடி நிலமும் அவனுக்குச் சொந்தமில்லை. ஊராரிடம் சென்று, நான் பரோய்க்கொஸ், எனக்குக் கல்லறை நிலம் தாருங்கள் என்கிறான். இலவசமாகவே எடுத்துக்கொள் என்கின்றனர். அவன் இசையவில்லை. 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, ஊரார் முன்னிலையில் உரிமையாக்கிக்கொள்கிறான். தயவாற் பெற்றதைப் பின்னொருநாள் தயவின்றித் திரும்பக் கேட்கலாம் என்பதை அவன் அறிந்திருந்தான் போலும்.

தோட்டத்து மக்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. குடியிருந்த லயக் காம்பிரா தோட்டத்துக்குரியது. பாட்டனும் பாட்டியும் உறங்கும் மயானமும் தோட்டத்துக் காணி. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி ஒப்பமான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரை எண்ணிக் கூறிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ள. அந்த எச்சத்தையும் 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொண்டன. மிஞ்சியிருந்தோர்க்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. நிலவுரிமையோடு கூடிய வீடு என்பது இன்னும் முற்றாகக் கைகூடவில்லை.

இத்தகைய மக்களிடம் பேதுருவின் நிருபத்தை எவ்வாறு விளக்குவது? நெடுங்காலமாக ஒரு விளக்கம் உண்டு: இவ்வுலகமே நமக்கு அந்நியம், விண்ணுலகே தாயகம் என்பது. ஜான் எலியட் என்னும் அமெரிக்க அறிஞர் 1981இல் வெளியிட்ட நூலில் இதை மறுத்தார். அந்நிருபத்தைப் பெற்றோர் சின்ன ஆசியாவில் மெய்யாகவே உரிமை குன்றிக் குடியிருந்தவர்கள் என்பது அவர் வாதம். எல்லாரும் அதை ஏற்கவில்லை. எனக்கோ, பழைய விளக்கத்தை மட்டுமே பிடித்துக்கொண்டு, காம்பிராவில் இருப்பவனை நோக்கி ‘உனக்கு மேலே வீடு இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிதாகத் தோன்றுகிறது, நேர்மையாகத் தோன்றவில்லை.

எபேசியர் நிருபம் வேறொன்றைச் செய்கிறது. இரண்டாம் அதிகாரம், 19 முதல் 22 வரையுள்ள நான்கு வசனங்களில், ‘ஒய்க்கொஸ்’ என்னும் வேரிற் பிறந்த சொற்கள் ஆறு முறை வருகின்றன. இனி நீங்கள் பரோய்க்கொஸ் அல்லர் என்று தொடங்கி, வீட்டார், கட்டப்பட்டவர், கட்டடம், வாசஸ்தலம் என அடுக்கிச் செல்கிறது. வீட்டருகே நின்றவன் வீட்டாரில் ஒருவனாகி, முடிவில் அவனே வீடாகிறான். இடையே, ‘உடன்குடிமகன்’ என்னும் பொருளுடைய அரசியற் சொல்லொன்றும் நிற்கிறது. தமிழில் அதை ‘ஒரே நகரத்தார்’ என்றனர்.

இச்சொல்லிலிருந்தே திருச்சபை வட்டாரத்துக்குரிய ஆங்கிலச் சொல்லும் பிறந்தது. நம் கத்தோலிக்க மக்கள் அதைப் ‘பங்கு’ என்கின்றனர். அந்நியர் குடியிருப்பு என்று பொருள்பட்ட சொல்லுக்குத் தமிழில் உரிமைப் பாகத்தைக் குறிக்கும் சொல் வாய்த்தது வியப்பே.

இன்னுமோர் இடம். லூக்கா சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்திலே, எம்மாவூருக்கு நடந்துசெல்லும் இருவர், தம்முடன் சேர்ந்து வருபவர் உயிர்த்தெழுந்த இயேசு என்று அறியாமல் ஒரு கேள்வி கேட்கின்றனர். எருசலேமில் நடந்ததை அறியாத அந்நியரா நீர் என்பது அக்கேள்வி. அங்கே ஆளப்படும் வினைச்சொல்லும் பரோய்க்கொஸின் குடும்பத்தைச் சேர்ந்ததே. பொழுது சாய்கிறது, எங்களோடு தங்கும் என்று வற்புறுத்தி உள்ளே அழைக்கிறார்கள். பந்தியில் அமர்ந்ததும், விருந்தாளியாய் வந்தவரே வீட்டுத் தலைவர்போல அப்பத்தை எடுத்து, ஆசீர்வதித்து, பிட்டு, அவர்களுக்குக் கொடுக்கிறார்.