சங்கத்தில் கடை விரிக்கலாமா?

(நம் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மேடையேறிப் பேசும் தகுதி எங்களுக்கு உண்டு என்று நாங்கள் நினைப்பதில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, கலாசியாக ரயில்வேயில் நுழைந்து, துறைத் தேர்வு எழுதி, சரக்கு அலுவலகத்தில் எழுத்தர் நாற்காலிக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். ஆயினும், "சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர் சங்கத்தாரிடம் பொருள் விற்கலாமா?" என்னும் கேள்விக்கு விடை காண வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது எங்களால் மறுக்க இயலவில்லை. காரணம், அந்தக் கேள்வியில் எங்கள் பங்குக் குற்றமும் கலந்திருக்கிறது. அதைப் பின்னர்ச் சொல்லுகிறோம்.

இந்தக் கரக்பூருக்கு நம் முன்னோர் பெங்கால் நாக்பூர் ரயில்வே காலத்திலேயே பிழைப்பைத் தேடி வந்தனர். கோல் பஜாரில் அரிசியும் பருப்பும் கிடைக்கும். ஆனால் நம் வீட்டு நாக்குக்கு ஏற்ற நல்லெண்ணெயும் அப்பளமும் வடகமும் காபித்தூளும் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே விடுப்பில் ஊருக்குப் போகிறவர் கையில் நான்கு வீட்டார் சேர்ந்து பட்டியல் கொடுத்து அனுப்புவது வழக்கம். 1977ஆம் ஆண்டில் கோரமண்டல் விரைவு வண்டி ஓடத் தொடங்கிய பிறகு அந்தப் பைகளின் கனமும் கூடியது. கொண்டுவந்தவர் அடக்க விலையை வாங்கிக்கொள்வார். பிறகு சிலர் ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் சேர்த்து வாங்கினர். ஆக, சங்கத்தாருக்குள் விற்பனை என்பது இன்று முளைத்த காளான் அன்று.

விற்பனையை எதிர்க்கும் பெரியோர்களின் சொல்லையும் நாம் மதித்துக் கேட்க வேண்டும். அவர்கள் சொல்லுவது இதுதான்: "சங்கம் உறவுக்காக ஏற்பட்டது. நேற்றுச் சேர்ந்தவர் இன்று மூட்டையை அவிழ்த்தால், அவர் வந்தது உறவுக்கா, வியாபாரத்துக்கா?" இதில் உண்மை இருக்கிறது. ஒரு பொங்கல் விழாவில் புதியவர் ஒருவர் பந்தியில் நம்மோடு அமர்ந்து உண்டார். பாயசம் பரிமாறுமுன் பையிலிருந்து தாள்களை எடுத்து, பணம் கட்டி ஆள் சேர்க்கும் திட்டம் ஒன்றை விளக்கத் தொடங்கினார். அடுத்த விழாவிற்கு அவர் வரவேயில்லை. அவரிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு அகப்பட்டுக்கொண்டவர்களும் சில காலம் வரவில்லை. நம்மவருக்கு முகதாட்சணியம் மிகுதி. கடைக்காரரிடம் "வேண்டாம்" என்று சொல்ல ஒரு நொடி போதும். பக்கத்து இலையில் உண்பவரிடம் அதே சொல்லைச் சொல்ல நா எழுவதில்லை. வாங்க மனமில்லாதவர் கடைசியில் விழாவுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்.

அதனால், "சேர்ந்து 3 ஆண்டு ஆகாதவர் எதையும் விற்கக்கூடாது" என்று ஒரு விதி எழுதிவிடலாம் என்கின்றனர் சிலர். அந்த விதி நம்மைக் காக்குமா? நம் சங்கத்தின் பழைய கதை ஒன்றைச் சற்றே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் நம்மிடையே ஓர் ஏலச்சீட்டு நடந்தது. 20 வீடுகள், வீட்டுக்கு மாதம் 2,000 ரூபாய். நடத்தியவர் புதியவர் அல்லர். சங்கத்தின் பழைய உறுப்பினர். விழாக்களில் முன் வரிசையில் அமர்ந்தவர். அந்தச் சீட்டு எங்கும் பதிவாகவில்லை. 1982ஆம் ஆண்டிலேயே சீட்டு நிதிச் சட்டம் வந்துவிட்டது என்பதுகூட நம்மில் பலருக்கு அன்று தெரியாது. அவர் ஓய்வு பெற்று ஊர் சென்ற பின்னர்ச் சீட்டு நின்றது. பாதி வீட்டாருக்குப் பணம் திரும்பவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று சேர்த்த வீடும் அதில் ஒன்று. அந்த வீட்டாரைச் சீட்டில் சேர்த்துவிட்டவர்கள் நாங்கள்தாம். "சங்கத்து மனிதர், நம்பலாம்" என்று சொன்ன வாய் இந்த வாய்தான்.

இது நம் ஒரு கூரையின் கீழ் மட்டும் நடந்ததும் அன்று. 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்த மேற்கு வங்கத்தில் சாரதா குழுமம் சரிந்தபோது ஏழை எளியோர் பலர் தம் சேமிப்பை இழந்தனர். அங்கே பணம் திரட்டிய முகவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊரில் தெரிந்த முகங்கள். அண்டை வீட்டாரும் உறவினரும் அவர்களை நம்பியே பணம் கொடுத்தனர். ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2019ஆம் ஆண்டில் வந்தது. தெரிந்த முகம் என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது என்பதே இதில் நாம் கற்க வேண்டிய பாடம்.

இனி மற்றொரு காட்சி. சென்ற நவராத்திரியில், சேர்ந்து ஆறு மாதமே ஆன உறுப்பினர் ஒருவரின் துணைவியார் பருப்புப் பொடியும் அப்பளமும் வடகமும் கொண்டுவந்து வாயிலோரப் பலகையில் வைத்தார். இருப்புப்பாதை பராமரிப்பவரின் வீடு, மூன்று பிள்ளைகள். பொட்டலங்கள் மீது எடையும் விலையும் தம் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார். "வந்து ஆறு மாதம் ஆகவில்லை, அதற்குள் கடையா?" என்று ஒரு குரல் எழுந்தது. அந்த அம்மையார் ஒன்றும் பேசவில்லை. பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார். அன்று முதல் அவர் நம் விழா எதற்கும் வரவில்லை. அங்கே வாய்மூடி நின்றவர்களில் நாங்களும் உண்டு. இதுவே நாங்கள் முதலில் சொன்ன குற்றம்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நம் பணத்தை விழுங்கியவர் பழையவர். நாம் விரட்டியவர் புதியவர். அப்படியிருக்க, சேர்ந்த ஆண்டைக் கணக்கிடும் விதி எதைத் தடுக்கும்? அந்தச் சீட்டைத் தடுத்திராது. இந்த அப்பளத்தை மட்டுமே தடுக்கும்.

சரக்கு அலுவலகத்தில் எங்களுக்கு அன்றாடம் பழக்கமான செய்தி ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி, சரக்கை ரயில்வே பொறுப்பிலும் அனுப்பலாம், உடைமையாளர் பொறுப்பிலும் அனுப்பலாம். இரண்டுக்கும் கட்டணம் வேறு. இரண்டு கட்டணமும் நடப்பிலுள்ள சரக்குக்கு, அனுப்புகிறவர் எது வேண்டும் என்று சொல்லாவிட்டால் அது உடைமையாளர் பொறுப்பில் போவதாகவே சட்டம் கொள்ளும். சங்கத்தில் நடப்பதோ இதற்கு நேர் எதிர். நாம் வாய் திறந்து ஒன்றும் சொல்லாவிட்டால், சங்கக் கூரையின் கீழ் விற்கும் எதையும் வாங்குகிறவர் சங்கப் பொறுப்பில் விற்பதாகவே நம்பிவிடுகிறார். அந்தச் சீட்டில் பணம் போட்டவர்கள் நம்பியது மனிதரை மட்டும் அன்று, சங்கத்தையும்தான். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, "இவர் சேர்ந்து எத்தனை ஆண்டு?" என்பது அன்று. "பொருள் முதலில் கைக்கு வருகிறதா, பணம் முதலில் கையை விட்டுப் போகிறதா?" என்பதே.

அப்பளத்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம், நிறுத்தும் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் நட்டம் ஒரு பொட்டலத்தின் விலை. சீட்டிலும் வைப்புத் திட்டத்திலும் நாம் வாங்குவது பிறர் வாயிலிருந்து வரும் வாக்குறுதி. அதை நிறுக்கத் தராசு இல்லை.

உழைத்து விற்போரைத் தடுப்பது நம் மரபும் அன்று. சுமத்திராவில் பாரூஸ் என்னும் ஊருக்கருகே கிடைத்த கி.பி. 1088ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்தது. கப்பலில் வந்தோர் செலுத்த வேண்டிய பொன்னைப் பற்றி அது பேசுகிறது. கடல் கடந்த நம் முன்னோர், வந்தவரிடம் முறையைச் சொல்லி, அதைக் கல்லிலும் எழுதி வைத்தனர். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டில் தொழிலாளர்கள் தொடங்கிய கூட்டுறவுக் கடையில் கலப்படமற்ற பொருள், சரியான எடை, ரொக்க விற்பனை என்னும் மூன்றும் கொள்கையாக இருந்தன. 1904ஆம் ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றியது. பம்பாயில் 1959ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினர். அதுவே லிஜ்ஜத் நிறுவனமாக வளர்ந்தது. "நீங்கள் புதியவர்கள்" என்று அன்று யாரேனும் அவர்களின் பலகையை எடுத்திருந்தால்?

எனவே, சங்கத்தின் முன் நாங்கள் வைக்கும் யோசனைகள் இவை.

முதலாவது: புதியவர் தம் முதல் விழாவிற்கு விருந்தினராக வரட்டும். நாம் அவர் பெயரையும் ஊரையும் அறிந்துகொள்வோம். இரண்டாம் விழா முதல் அவர் பொருளும் வரட்டும். இதற்கு மேல் காத்திருப்பு வேண்டாம்.

இரண்டாவது: விற்பனை முற்றத்தில் மட்டும், பந்தி முடிந்த பிறகு மட்டும் நடக்கட்டும். விருப்பமுள்ளவர் அங்கே போவார். விருப்பமில்லாதவர் யாரிடமும் "வேண்டாம்" என்று சொல்ல நேராது. உறுப்பினர் முகவரிப் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்லுதல் கூடாது.

மூன்றாவது: கையில் பொருள், கையில் காசு. முன்பணமும் இல்லை, கடனும் இல்லை. எடை, விலை, செய்தவர் பெயர் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். உணவுப் பொருள் விற்போர் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளச் சங்கமே துணை நிற்க வேண்டும்.

நான்காவது: சீட்டு, வைப்புத் திட்டம், ஆள் சேர்க்கும் வியாபாரம், காப்பீடு, மனை விற்பனை ஆகியவற்றுக்குச் சங்கத்தில் இடமில்லை. புதியவருக்கும் இல்லை, பழையவருக்கும் இல்லை, தலைவருக்கும் இல்லை.

ஐந்தாவது: முற்றத்தில் பலகை ஒன்று தொங்கட்டும்: "இங்கு விற்பவை விற்பவர் பொறுப்பு, சங்கப் பொறுப்பன்று." இருப்பினும் குறை சொல்லி வருகிறவரைச் செயற்குழு கேட்க வேண்டும். பலகையைக் காட்டிக் கைகழுவிவிடலாகாது.

நம்மில் ரயில்வே ஊழியர்கள் மேலும் ஒன்றை மறக்கலாகாது. 1966ஆம் ஆண்டின் ரயில்வே பணியாளர் நடத்தை விதிகளின்படி, முன் அனுமதியின்றி நாம் நேரடியாக வாணிகம் செய்யலாகாது. குடும்பத்தார் செய்தால் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதைப் புதியவருக்கு அன்போடு எடுத்துச் சொல்வதும் பழையவர்களாகிய நம் கடமை.

அன்பர்களே! இந்தக் காலனியில் நாம் ஒவ்வொருவரும் ஒருநாள் புதியவராக வந்தவர்களே. பெட்டியும் படுக்கையுமாக நடைமேடையில் இறங்கி, தமிழில் ஒரு குரல் கேட்காதா என்று ஏங்கியவர்களே. அந்தக் குரலாக நின்றது இந்தச் சங்கம். நவராத்திரி இரவில் அதே சங்கத்தின் வாயிலில் ஒரு பெண் தலைகுனிந்து போனார் என்பது எங்களை இன்னும் உறுத்துகிறது.

வரும் பொங்கலுக்கு முன்னர் நாங்களும் செயலாளர் அவர்களும் அவர் வீட்டுக்குச் சென்று, நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து, அவரை விழாவுக்கு அழைக்கப் போகிறோம். பொட்டலங்களையும் கொண்டு வரச் சொல்லுவோம். அவர் வந்தால், முதல் பொட்டலத்துக்குக் காசு கொடுப்பது எங்கள் வீட்டாரின் பொறுப்பு; அதில் சங்கத்துக்குப் பொறுப்பு ஏதுமில்லை.