"இதுல என்னம்மா இருக்கு?"

வீட்டு அலங்காரமும் சருமப் பராமரிப்பும் என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், ஜார்ஜ்டவுனில் அழகு நிலையம் நடத்தும் பெண்மணி ஒருவர் ஆற்றிய உரை.



தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. இந்த ஆறு வாரத்தில் பினாங்கில் நம் வீடுகளில் இரண்டு வேலை நடக்கும். ஒன்று, வீட்டுக்குச் சாயம் அடிப்பது. இன்னொன்று, முகத்துக்கு ஏதாவது செய்துகொள்வது. ஐயா சாயக் கடையில் நிற்பார், அம்மா அழகு நிலையத்தில் நிற்பார். இரண்டு பேரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எது சீக்கிரமா பளிச்சுன்னு ஆக்கும்?"

அந்தக் கேள்வியை மாற்றிக் கேளுங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். படித்துவிட்டு வந்து சொல்லவில்லை. இரண்டு தவறுகளைச் செய்துவிட்டு வந்து சொல்கிறேன்.

முதல் தவறு, சுவரில் செய்தது.

எங்கள் அம்மாவின் வீடு ஜார்ஜ்டவுனில் பழைய கடை வீடு. கீழே கடை, மேலே குடித்தனம், முன்னால் ஐந்தடி நடைபாதை. அப்பா இருந்தவரை தீபாவளிக்குத் தீபாவளி சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து அடிப்பார். சாய்ந்து உட்கார்ந்தால் சட்டையில் ஒட்டும். அப்பா போன பிறகு, நான்கு காசு சம்பாதிக்கிற திமிரில், 'சுண்ணாம்பெல்லாம் ஏழை வீட்டுப் பூச்சு' என்று நினைத்தேன். சுவரின் கீழ்ப்பாதிக்குச் சிமெண்டு பூசி, மேலே துடைத்தால் பளபளக்கிற சாயம் அடித்தேன். வந்தவர்கள் எல்லாம் "நட்சத்திர ஓட்டல் மாதிரி இருக்கு" என்றார்கள்.

அந்த அழகு அடுத்த மழைக்காலம் வரைதான். சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. குத்தினால் உள்ளே தண்ணீர். வெள்ளையாக உப்புப் பூத்தது. அலமாரித் துணியெல்லாம் பூஞ்சை வாடை. சுரண்டுவேன், மறுபடி அடிப்பேன். மூன்று தீபாவளி இப்படிப் போனது. நான்காவது வருடம் வந்த வயதான கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஈரம் வெளியிலேருந்து வரலம்மா. மண்ணுலேருந்து ஏறுது. வெளியே போற வழியை நீங்க அடைச்சிட்டீங்க."

ஜார்ஜ்டவுனின் பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டியவை. மண்ணின் ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்கு அவற்றில் கிடையாது. ஏறுகிற ஈரம் சுண்ணாம்பின் நுண்ணிய துளைகள் வழியே ஆவியாகிப் போய்விடும். சிமெண்டும் பிசின் கலந்த சாயமும் அந்தத் துளைகளை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே தங்கி, உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, காரையை உடைத்துக்கொண்டு வெளிவரும். சுண்ணாம்பின் காரத்தன்மைக்குப் பூஞ்சை எளிதில் வராது என்பது இன்னொரு நன்மை.

லீத் தெருவில் இருக்கிற சோங் ஃபாட் ஸீ மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். நீல மாளிகை என்று சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும். சுண்ணாம்பில் அவுரி நீலத்தைக் கலந்து அடித்த நிறம் அது. 1990களில் அதைப் புதுப்பித்தவர்கள் மறுபடியும் சுண்ணாம்பைத்தான் பூசினார்கள். 2000இல் அந்தப் பணிக்கு யுனெஸ்கோ விருது கிடைத்தது. 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுன், மலாக்கா நகரோடு சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. உலகத்து மக்கள் விமானம் ஏறி வந்து படம் எடுக்கிற பூச்சு, எங்கள் அப்பா வாளியில் கலக்கிய அதே பூச்சுதான். அதைத்தான் நான் ஏழை வீட்டுப் பூச்சு என்று சுரண்டி எறிந்தேன்.

தாமான் வீட்டிலும் அடுக்குமாடி வீட்டிலும் இருப்பவர்கள் சுண்ணாம்பைத் தேடி அலைய வேண்டாம். அவை சிமெண்டுச் சுவர்கள், சாதாரணத் தண்ணீர்ச் சாயம் போதும். ஆனால் ஈரக் கறை இருந்தால், அது குழாய்க் கசிவா, கூரைக் கசிவா என்று முதலில் பாருங்கள். கறையின் மேல் சாயம் அடிப்பது புண்ணின் மேல் பவுடர் போடுவது மாதிரி.

இரண்டாவது தவறு, முகத்தில் செய்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நிலையம் ஆரம்பித்த புதிதில், மாதம் ஒரு முறை ஒருவர் சின்ன டப்பாக்கள் கொண்டுவந்து தருவார். வெள்ளை டப்பா, மஞ்சள் களிம்பு. பெயர் இல்லை, செய்த இடம் இல்லை. "இரவு பூசுங்க, ரெண்டு வாரத்துல நிறம் வரும்" என்பார். வந்தது. அதனால் விற்றது. கல்யாணத்துக்கு நாள் குறித்த ஒரு பெண் வாங்கிப் பூசினாள். மணவறையில் எல்லோரும் அவள் நிறத்தைத்தான் பேசினார்கள். கல்யாணம் முடிந்து பூசுவதை நிறுத்தினாள். முகம் சிவந்து எரிந்தது. பிறகு கன்னத்தில் திட்டுத் திட்டாகக் கருத்தது.

அவள் அம்மா என் நிலையத்துக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. காலி டப்பாவை என் மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "இதுல என்னம்மா இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. என்ன என்று தெரியாத ஒன்றை, என்னை அக்கா என்று கூப்பிட்ட பெண்ணின் முகத்தில் பூசக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கே மிச்சமிருந்த டப்பாக்களை ஒதுக்கினேன். அந்தத் தாயின் கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

நேயர்களே, பெயர் தெரியாத வெளுப்புக் களிம்புகளில் என்னென்ன இருக்கக்கூடும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். முதலாவது பாதரசம். நம் தோலுக்கு நிறம் தருகிற மெலனின் உருவாவதை அது தடுக்கிறது. அந்த இரண்டு வார 'அதிசயத்தின்' ரகசியம் இதுதான். தோல் வழியே உள்ளே போகும் பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். பூசியவரோடு அது நிற்பதில்லை. தலையணை உறை, துண்டு, அம்மா கன்னத்தில் கன்னம் வைத்துத் தூங்குகிற குழந்தை எல்லோருக்கும் போய்ச் சேரும். இரண்டாவது ஹைட்ரோகுவினோன். கண்காணிப்பு இல்லாமல் நாள்கணக்கில் பூசினால் தோலில் நீலக் கருமை படியலாம். மூன்றாவது டிரெட்டினாயின். அது மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்து, கர்ப்பிணிகளுக்கு ஆகாது. நான்காவது ஸ்டீராய்டு. தோலை மெலிய வைத்துவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை வந்த 22 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். எல்லோருக்கும் சிறுநீரில் புரதம் இறங்குகிற ஒரு நோய். அவர்களில் 15 பேருக்கு அதில் ஓர் அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் முக வெளுப்புக் களிம்பு பூசியவர்கள். பெரும்பாலோருக்குக் களிம்பை நிறுத்தியதும் குணம் தெரிந்தது. மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் கூடி, பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள்களை 2025க்குள் அடியோடு நிறுத்துவதென்று முடிவெடுத்தன. ஆனால் முடிவு காகிதத்தில் இருக்கிறது, டப்பா கைத்தொலைபேசியில் வருகிறது.

நம் நாட்டில் ஒப்பனைப் பொருளை விற்பதற்கு முன் சுகாதார அமைச்சின் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமைக்கு அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு எண் 'என்.ஓ.டி.' என்ற எழுத்துகளில் தொடங்கி 'கே'யில் முடியும். முகமையின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். இதில் பலர் தவறாக நினைக்கிற ஒன்று உண்டு. எண் இருந்தால் அரசாங்கம் சோதித்துப் பார்த்து ஒப்புதல் தந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நிறுவனம் தானே உறுதிகூறி வாங்குகிற எண் அது. சோதனை பிறகுதான், சந்தையில் எடுத்துச் செய்வார்கள். விஷம் கண்டுபிடிக்கப்பட்டால் எண்ணை ரத்துசெய்து பெயரை வெளியிடுவார்கள். ஆகவே எண் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், ரத்தாகிவிட்டதா என்றும் பாருங்கள். அறிவிக்காத பொருளை விற்கும் தனியாளுக்கு முதல் குற்றத்துக்கு 25,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தோழிகளுக்கு வாங்கி விற்கும் சகோதரிகளும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தத் தாயின் கேள்வியை மறுபடி வீட்டுக்குள் கொண்டுபோகிறேன். பழைய வீட்டுக் கதவு, சன்னல், கைப்பிடிகளில் பல அடுக்கு எண்ணெய்ச் சாயம் இருக்கும். அதில் ஈயம் இருக்கலாம். தீபாவளி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? மணல்தாளால் தேய்க்கிறோம். தூசி பறக்கிறது. குழந்தை தரையில் தவழ்கிறது, கையை வாயில் வைக்கிறது. இந்த அளவு ஈயம் பாதுகாப்பானது என்று சொல்ல எந்த அளவும் இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குழந்தையின் மூளை வளர்ச்சியைத்தான் அது தொடும். ஆகவே காய்ந்த சாயத்தை வறட்டுத் தேய்ப்புத் தேய்க்காதீர்கள், நெருப்பு வைத்து உரிக்காதீர்கள். நனைத்துச் சுரண்டுங்கள். கீழே நெகிழித் தாள் விரியுங்கள். பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும். புதுச் சாயம் வாங்கும்போது ஈயம் சேர்க்காதது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

சுவருக்குப் போகும் ஈயம் முகத்துக்கும் வருவதுண்டு. சில கண்மை, சுர்மா வகைகளில் ஈயம் இருப்பதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. வங்காளதேசத்தில் மஞ்சள் பளிச்சென்று தெரிய, சாயத்துக்குப் போடும் ஈயக் குரோமேட்டைக் கலந்ததை 2019இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். 'பளிச்' என்ற சொல் எங்கே வந்தாலும் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நம் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் ஈயச் சாயத்தைப் பற்றியும் பாதரசக் களிம்பைப் பற்றியும் தொடர்ந்து குரல் கொடுத்துவருகிறது. 2019இல் மறைந்த அதன் நெடுநாள் தலைவர் எஸ்.எம். முகமது இத்ரீஸ் அவர்கள் நமக்குப் பழக்கிவிட்டுப் போனதும் இந்த ஒரு கேள்வியைத்தான்: இதில் என்ன இருக்கிறது?

சரி, அப்படியானால் எதைத்தான் பூசுவது என்று கேட்பீர்கள். நம் ஊர்ப் பருவத்துக்கு ஏற்றதாகச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பத்திரிகையில் போடுகிற பனிக்காலப் பராமரிப்பு நமக்கு வேண்டாம்.

இப்போது மழைக்காலம். வியர்வையும் ஈரமும் தேமலைக் கொண்டுவரும். கழுத்திலும் முதுகிலும் வெளிறிய திட்டுகள் தெரிந்தால் அது பூஞ்சை. வெளுப்புக் களிம்பு அதற்கு மருந்தல்ல, கிளினிக்கில் காட்டுங்கள். துண்டை நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். பிசுபிசுப்பான களிம்பை விட்டு இலேசானதாகப் பூசுங்கள். சுமத்திராவிலிருந்து புகைமூட்டம் வந்தால், வீடு திரும்பியதும் மென்மையான சோப்பால் முகம் கழுவுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி நமக்கு வறண்ட மாதங்கள். தைப்பூசத்துக்கு இரதத்தோடு தண்ணீர்மலைக்கு நடப்போம். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகைதான் வடக்கே இருக்கிறது. குடையும், 30க்குக் குறையாத எஸ்.பி.எஃப். உள்ள வெயில் காப்புக் களிம்பும் கருத்த தோலுக்கும் தேவை. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள், தோல் வெந்து கருக்கும்.

வீட்டுக்கும் அப்படித்தான். ஈர ஊரில் அலங்காரம் என்றால் முதலில் காற்றோட்டம். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி வையுங்கள். கனமான திரையை எடுத்துவிட்டு மெல்லிய பருத்தித் திரை போடுங்கள். ஒரு சுவருக்கு மட்டும் ஆழ்ந்த நிறம் கொடுங்கள், மற்றவை வெளிர் நிறத்தில் இருக்கட்டும். பாட்டியின் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கி, அந்த ஆழ்ந்த நிறத்துக்கு முன்னால் வையுங்கள். அதைவிட நாகரிகமான அலங்காரத்தை நான் பார்த்ததில்லை.

கடைசியாக ஒன்று. வெளுப்புக் களிம்பின் பெயர் மாறிக்கொண்டே வருகிறது. இந்தியாவில் 1975இல் அறிமுகமான புகழ்பெற்ற ஒரு களிம்பு, 2020இல் தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லையே எடுத்துவிட்டது. ஆனால் நம் வாயிலிருந்து அது போய்விட்டதா? பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் முதல் கேள்வி, "கலரா இருக்கா?" என்பதுதானே? என் மேசைமேல் காலி டப்பா வந்ததற்கு அந்தக் களிம்பு விற்றவரும் நானும் மட்டும் காரணமில்லை. அந்தப் பெண்ணை அவள் நிறத்துக்காகச் சிறு வயது முதல் குறை சொன்ன உறவெல்லாம் காரணம்.

என் அம்மாவின் சுவரிலிருந்து சிமெண்டை உடைத்தெடுத்து, பல மாதம் காயவிட்டு, மறுபடி சுண்ணாம்பு அடித்தோம். இப்போது சாய்ந்தால் சட்டையில் ஒட்டுகிறது. ஒட்டட்டும். வீட்டில் பூஞ்சை வாடை இல்லை. அந்தப் பெண்ணின் கன்னத்துத் திட்டுகள் தோல் மருத்துவரிடம் காட்டிக் குறைந்தன. முழுதாக மறையவில்லை. சுவரை மறுபடி பூசலாம். முகம் ஒன்றுதான் இருக்கிறது.

இந்தத் தீபாவளிக்கு எதைப் பூசுவதற்கு முன்னாலும், கடைக்காரரிடமும் என்னைப் போன்றவர்களிடமும் அந்தத் தாயின் கேள்வியைக் கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள்.